பஞ்சுத் தாடியும் கொசுக்காரரும்

அந்தத் தெருவில் அவருக்குக் கொசுக்காரர் என்றுதான் பெயர். பதினோரு வருஷமாக ஆராய்ச்சிக்கூடத்தில் கொசு வளர்க்கிறவரை வேறு எப்படித்தான் கூப்பிடுவார்கள்? கூண்டிலேயே பிறந்து வளர்கிற, நோய்நொடி இல்லாத கொசுக்கள். முட்டையிட அவற்றுக்கு ரத்தம் வேண்டும். அதனால் நம் மனிதர் தினமும் காலையில் இடது கையைக் கூண்டுக்குள் நீட்டி, ஐந்து நிமிஷம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பார்.

"கடிக்கிறதெல்லாம் பொண்ணு கொசுங்கதானாமே? அதான் ஐயா ஒரு நாள்கூட லீவு போடறதில்ல" என்பாள் மனைவி. அவள் தையல்காரி, வாயும் ஊசிதான்.

சாயங்காலம் வீடு திரும்பியதும் ஒன்பது வயது மகள் அவர் கையைப் பிடித்துத் தடிப்புகளை எண்ணுவாள். ஏதோ விளையாட்டு என்று அவரும் கையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். வீட்டில் அவருக்கு இன்னொரு கெட்ட பெயரும் உண்டு. எதைக் கேட்டாலும் "தெரியல, பார்க்கணும்" என்பார். குழம்பில் உப்புச் சரியா என்று கேட்டாலும் அதே பதில்தான்.

பள்ளிக்கூடத்தில் மாறுவேடப் போட்டி வந்தது. மகள் விஞ்ஞானி வேஷம் போடப்போகிறேன் என்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"என் சட்டை ஒண்ணு தரட்டுமா கண்ணு?"

"ஐயோ, விஞ்ஞானின்னா வெள்ளைக் கோட் வேணும்ப்பா. தாடி வேணும். கலர் கலரா பாட்டில் வேணும்."

"நானும் விஞ்ஞானிதானே? எனக்கு தாடியா இருக்கு?"

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க கொசுக்காரர்ப்பா."

உள்ளூர் மாடு விலைபோகாது என்பார்கள். சொந்த வீட்டிலேயே விலைபோகாவிட்டால் யாரிடம் போய் அழுவது? அத்தனை கொசுக்கடி தாங்குகிற மனுஷனுக்கு இந்த ஒரு கடி தாங்கவில்லை. ஆனாலும் மனைவி கோட் தைக்க, பஞ்சைப் பிய்த்துப் பிய்த்துத் தாடி ஒட்டிக் கொடுத்தவர் அவரேதான்.

போட்டியன்று மேடையில் ஆறு விஞ்ஞானிகள். ஆறு பேருக்கும் வெள்ளைக் கோட், பஞ்சுத் தாடி, பாட்டிலில் சிவப்புத் தண்ணீர். எது தன் பிள்ளை என்று பெற்றவர்களே திணறினார்கள்.

"நீங்க என்ன கண்டுபிடிச்சீங்க?" என்று தலைமையாசிரியை ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டு வந்தார். ஒருவன் ராக்கெட் என்றான். ஒருத்தி சாகாமல் இருக்க மருந்து என்றாள். கடைசியில் மகளின் முறை.

"இன்னும் ஒண்ணும் கண்டுபிடிக்கல மிஸ்."

அரங்கமே சிரித்தது. கொசுக்காரருக்குக் காது சூடேறியது. பிள்ளையின் மானம் கப்பலேறுகிறதே என்று நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

அவள் தாடியைக் கழற்றிக் கோட் பைக்குள் திணித்தாள். அதே பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்தாள்.

"எங்கப்பா கையில எத்தனை கொசுக்கடின்னு நாலு மாசமா எழுதறேன் மிஸ். எல்லா நாளும் இருபதுக்கு மேல இருக்கும். வெள்ளிக்கிழமை மட்டும் பத்துகூடத் தேறாது."

"அப்படியா! ஏன்?"

"தெரியல, பார்க்கணும்."

மனைவி சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "கை தட்டுங்களேன், பொண்ணு பேசிட்டா!" என்று அவர் விலாவில் இடித்தாள். அவர் எங்கே தட்டினார்? சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுத் தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு வருஷம் நீட்டிய கை. வெள்ளிக்கிழமை விஷயம் ஒரு நாளாவது கண்ணில் பட்டிருக்கக் கூடாதா?

பரிசு ராக்கெட்டுக்குப் போனது. மகள் அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. மேடையிலிருந்து இறங்கி நேராக அவரிடம் வந்தாள்.

"நோட்டைக் கொஞ்சம் குடும்மா, பார்க்கணும்" என்று கை நீட்டினார் அவர்.

முதலில் கண்ணில் பட்டது அட்டை. நாலு மாசத்துக்கு முன்னால் எழுதியது போலிருக்கிறது, மை மங்கியிருந்தது. "விஞ்ஞானிகள்: நான், அப்பா" என்று எழுதி, அப்பாவுக்குப் பக்கத்தில் சின்னதாக "கை மட்டும்" என்று சேர்த்திருந்தாள்.

கை மட்டும் போதும் என்று இருந்தது அவருக்கு.