கை போன பக்கம்

அண்ணன் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர். வட்டாரத்தில் எல்லாருக்கும் அவர் மாஸ்டர். தம்பி கட்டடப் பொறியாளர், வெளிநாட்டில் தனியாக இருப்பவர். பல வருடங்கள் கழித்து விடுமுறைக்கு வந்திருந்தார். அந்த நாட்டில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும். இங்கே இடப்பக்கம்.

அன்று காலை அண்ணி பக்கத்து ஊர்க் கண் மருத்துவரிடம் போகவேண்டியிருந்தது. மாஸ்டருக்கு வகுப்பு.

"நான் கூட்டிட்டுப் போறேண்ணா" என்றார் தம்பி.

மாஸ்டர் பயிற்சி வண்டியின் சாவியைத் தூக்கிப் போட்டார். "பாத்துடா. இங்க இடது பக்கம்."

"எனக்கு ஓட்டக் கத்துக் குடுத்ததே நீதானே?"

"அதனாலதான் எனக்கே பயமா இருக்கு" என்று அண்ணி சிரித்தார்.

நகரத்து நெரிசலில் தம்பி ஒழுங்காகத்தான் ஓட்டினார். நகரம் தாண்டி பெட்ரோல் போட நிறுத்தினார். வெளியே வரும்போது சாலையில் ஈ காக்கை இல்லை. முன்னால் ஒரு வண்டி போயிருந்தால் அதன் பின்னால் போயிருப்பார். கை தன் பாட்டுக்கு வண்டியை வலப்பக்கம் கொண்டுபோனது. வளைவில் லாரி வந்தது.

மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அண்ணி போய்விட்டார். தம்பிக்கு விலா எலும்புகள் முறிந்திருந்தன.

வழக்கு முடியும்வரை தம்பி நாட்டைவிட்டுப் போகக் கூடாது என்றது நீதிமன்றம். அவர் மாடி அறையில் இருந்தார். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேரும் ஊமைகளாகிப் போனார்கள். மாஸ்டர் சமைத்து, தட்டை மாடி அறை வாசலில் வைத்துவிட்டு இறங்கிவிடுவார். யார்மீது கோபம் என்று அவருக்கே பிடிபடவில்லை. சாவியைக் கொடுத்தது அவர் கைதான்.

ஒரு வழியாக, வீட்டின் கீழ்த்தளத்தில் நடத்தும் வகுப்பை மறுபடி தொடங்கினார். முதல் நாளே, ஓட்டப் பழக வந்திருந்த ஒரு நர்ஸ் கேட்டார். "ஏன் சார், உலகம் முழுக்க ஒரே பக்கம் போனா என்ன?"

விஷயம் தெரிந்த மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மாஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வழக்கமாக இதற்கான கதையை நடித்துக் காட்டிச் சிரிக்க வைப்பவர், அன்று உட்கார்ந்தபடியே சொன்னார்.

"அந்தக் காலத்துல குதிரையில போறவன் இடது பக்கமா போவானாம். எதிர்ல வர்றவன் விரோதின்னா, வாள் பிடிக்கிற வலது கை அவன் பக்கம் இருக்கணும்ல? வேற சில ஊர்ல ஜோடிக் குதிரைங்க இழுக்கிற பெரிய பார வண்டி. வண்டிக்காரன் இடது பக்கக் குதிரைமேல உட்கார்ந்திருப்பான். எதிர் வண்டி தன் இடது பக்கமா கடந்தாத்தான் சக்கரம் உரசாம பாத்துக்கலாம்; அதனால அவனுக்கு வலது பக்கமா போறதுதான் வசதி. இப்படித்தான் சொல்றாங்க. அப்புறம் அவங்கவங்க ஊருல அதுவே சட்டமாயிடுச்சு."

"அப்போ எது சார் சரி?"

"ரெண்டும் சரிதாம்மா. எல்லாரும் ஒரே பக்கம் போனா போதும்." சாக்பீஸைக் கீழே வைத்தார். "ஆனா பழகின கைக்கு ஊர் மாறினது தெரியாது. அது தெரிஞ்ச நான்தான் கூடப் போயிருக்கணும்."

மாடிப்படியில் நின்று தம்பி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானம் மாஸ்டர் தட்டை வாசலில் வைக்காமல் உள்ளே கொண்டுபோய், கட்டில் ஓரம் உட்கார்ந்தார். இத்தனை நாள் தொண்டைக்குள் கிடந்ததைக் கேட்டார்.

"அவ பயந்தாளாடா?"

"'தம்பி, இந்தப் பக்கமா போறீங்க?'ன்னாங்க. எனக்குப் புரியலண்ணா. 'எந்தப் பக்கம் அண்ணி?'ன்னேன். அதுக்குள்ள லாரி. அவங்க பக்கத்துல, கத்துக்குடுக்கும்போது நீ மிதிக்கிற பிரேக் இருக்குல்ல, எனக்கு முன்னாடி அவங்கதான் மிதிச்சாங்க. எங்க வண்டி நின்னுடுச்சு. லாரியாலதான் நிக்க முடியல."

தானே அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததாக மாஸ்டருக்கு நினைவில்லை. பார்த்தே தெரிந்துகொண்டிருக்கிறாள். அவள் போன பிறகு அன்றுதான் அவர் வாய்விட்டு அழுதார். தம்பி அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். சோறு ஆறிப்போனது.

வழக்கு அபராதத்தோடு முடிந்தது; இந்த நாட்டில் தம்பி இனி வண்டி ஓட்டக் கூடாது. வெளிநாட்டுக்குத் திரும்பும் நாளில் விமான நிலைய வாசலில் மாஸ்டர் சொன்னார், "அங்க போய் ஓட்டுடா. அங்க உன் கை சரியாத்தான் போகும்."

"இனிமே முடியாதுண்ணா. பஸ்ல போய்க்கிறேன்."

மாஸ்டர் வற்புறுத்தவில்லை. "சரி. போய் இறங்கினதும் போன் பண்ணு. சாப்பிடாம கிடக்காத" என்று பெட்டியை எடுத்துக் கொடுத்தார்.