அசையாமல் நின்ற ஆர்லிஸ்

வெள்ளிக்கிழமை ராத்திரி ஆனால் டெல்மருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. சாப்பிட்ட கையோடு பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினால், திரும்பி வர இரண்டு மணி. கேட்டால், "சும்மா ஒரு சுத்து" என்பான். சும்மா சுற்ற அவனுக்கென்ன பதினெட்டு வயதா?

சர்ச்சில் ஃபிலிஸ் வேறு பற்றவைத்துவிட்டாள்: "உன் வீட்டுக்காரர் வண்டி வெர்டன் கடைத்தெருவுல நிக்குதாமே ஆர்லிஸ்? அங்க யாரு உங்களுக்குச் சொந்தம்?"

அன்றோடு ஆர்லிஸுக்குத் தூக்கம் போயிற்று. இன்னொருத்தி இருந்தால், மறுநாளே ஒமாஹாவில் தங்கை வீட்டுக்குப் போய்விடுவது என்று பெட்டிகூடக் கட்டிவிட்டாள்.

அந்த வெள்ளி, காரில் அவன் பின்னாலேயே போனாள். சோளக்காட்டு நடுவே நாற்பது மைல்.

வெர்டன் கடைத்தெருவில் ஈ காக்கை இல்லை. சினிமாக் கொட்டகை முகப்பில் மட்டும் மஞ்சள் பல்புகள் எரிந்தன. எதிர்ச்சாரியில், முக்காலியில் நிறுத்திய கேமரா பக்கத்தில் டெல்மர் ஒற்றையாக நின்றான். எவளுக்காகக் காத்திருக்கிறான்? கால் மணி நேரம் காரில் புழுங்கிவிட்டு, கொட்டகை வாசல் வழியாகத் தெருவைக் குறுக்கே கடந்து போனாள்.

"எங்க அவ?"

"எவ? தெருவைப் படம் எடுக்கறேன் ஆர்லிஸ். இதோட பதினோரு ஊரு. சொன்னா நீ சிரிப்பேன்னு சொல்லல."

பெண்ணாக இருந்தால் முடியைப் பிடித்து உலுக்கலாம். தெருவை என்ன செய்வது?

"குறுக்க வந்து படத்தைக் கெடுத்துட்டேனா?"

"சேச்சே. இருட்டுல்ல, கேமரா நாலு நிமிஷம் திறந்தே இருக்கும். நடக்கிறவங்க அதுல விழமாட்டாங்க. நீ வந்ததே தெரியாது."

சமாதானமாகத்தான் சொன்னான்.

"முப்பத்தோரு வருஷமா உன் வீட்டுல நடந்துகிட்டேதான் இருக்கேன் டெல்மர்."

அவள் திரும்பிப் போய், பல்புகளுக்கு அடியில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இன்னொண்ணு எடு. அசைய மாட்டேன்."

கழுத்தில் வண்டு ஊர்ந்தது. அசையவில்லை. அவனோ கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யோவ், என்னைப் பாருய்யா!" உதடு பிரியாமல் கத்தினாள்.

டெல்மர் கையை இறக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றதில் கேமராவை மூட மறந்துபோனான்.

அளவுக்கு மீறி வெளிச்சம் ஏறி, படம் வெள்ளை வெளேரென்று வந்தது. தெருவும் இல்லை, ஆர்லிஸும் இல்லை. அவள் அதைத்தான் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள்.