அவசரக்காலும் இரட்டை வரிகளும்

எங்கள் முதலாளி ஒகிஹாராவுக்கு எந்த வீடியோவானாலும் அதன் ஜாதகம் அத்துப்படி. அதனால் அவர் எதையும் பார்ப்பதில்லை.

"கோப்பு மேலேயே புரோகிரசிவ்னு எழுதியிருக்கே, அப்புறம் என்ன ஆராய்ச்சி? என்கோடிங்கைத் தட்டிவிடும்மா, நத்சுயோ."

எழுதியது யார்? அவரேதான். நாடாவிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றும்போது, பட்டியலில் முதலில் எது இருந்ததோ அதை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போன மகான்.

கோயில் திருவிழாவில் பல வருஷம் முன்பு நடந்த சுமோ போட்டி அது. யாரோ வீட்டு கேமராவில் எடுத்த நாடா அகப்பட்டதும், டிஸ்க் போட்டு வீட்டுக்கு வீடு கொடுப்பதாகக் கோயில்காரர்கள் முடிவு செய்துவிட்டார்கள். அந்தக் காலத்துக் கேமரா ஒரு படத்தை முழுசாக எடுக்காது. ஒன்று, மூன்று, ஐந்து எனும் ஒற்றை வரிகளில் ஒரு கணம், இரண்டு, நான்கு, ஆறு எனும் இரட்டை வரிகளில் அடுத்த கணம் என்று இரண்டையும் ஒரே படத்துக்குள் பின்னிவைக்கும். இதுதான் இன்டர்லேஸ். அதைத் தெரிந்துகொள்ளாமல் புரோகிரசிவ், அதாவது முழுப் படம் என்று நினைத்து டிஸ்குக்கு என்கோடிங் செய்தால் இரண்டு கணமும் சேர்ந்து கோடு கோடாகக் கூழாகிவிடும். ஆனால் இதையெல்லாம் பத்து வருஷமாக ஸ்டூடியோ நடத்துகிறவரிடம் சொல்ல நான் யார்?

முதலாளி பெரிய மனது பண்ணி, வீடியோவை ஓர் இடத்தில் நிறுத்தினார். இரண்டு பேர் தரையில் கை ஊன்றிக் குந்தி ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு கோடு தெரியுதா? சுத்தமான புரோகிரசிவ்!"

எப்படித் தெரியும்? அசைந்தால்தானே இரண்டு கணமும் வேறு வேறாக இருக்கும். சுமோவில் முறைப்பதுதான் நெடுநேரம், மோதுவது கண்மூடித் திறப்பதற்குள். நம்மவர் சோதனைக்கு எடுத்துக்கொண்டது முறைப்பை.

"அசையிற இடத்துல நிறுத்திப் பாருங்க, முதலாளி."

"அசைஞ்சா மங்கலாத்தாம்மா இருக்கும். அதுக்குப் பேருதான் வேகம்."

அந்த நேரத்தில்தான் தோஃபு கடை கென்சாகு தன் அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். திரையில் வலப்பக்கம் முறைத்துக்கொண்டிருந்த இளைஞர் இவர்தான். இறுதிப் போட்டி. எதிராளி இதாகாகியை வைக்கோல் வளையத்தின் விளிம்புவரை தள்ளிக்கொண்டு போனவர், அவசரத்தில் தன் காலையே முதலில் வெளியே வைத்துவிட்டார் என்று தீர்ப்பானது. அன்று முதல் ஊரில் அவர் பெயர் அவசரக்கால். தோஃபு வாங்க வரும் வாண்டுகள்கூட அப்படித்தான் கூப்பிடும். அன்றைக்கு ஜெயித்தவரைக் காட்டும் விசிறியை இதாகாகி பக்கம் திருப்பிய நடுவர் வேறு யாருமில்லை, இந்த அப்பாதான். அதற்குப் பிறகு அப்பாவும் மகனும் சோயா விலையைத் தவிர வேறெதுவும் பேசிக்கொண்டதில்லை.

"யாரு கால் முதல்ல வெளிய போச்சுன்னு மட்டும் சொல்லு, தங்கச்சி. இவரும் தன் கண்ணால பார்க்கட்டும்," என்றார் கென்சாகு. எனக்குப் பாவமாக இருந்தது.

வளைய விளிம்புக்கு ஓட்டி நிறுத்தினேன். இரண்டு பேர் கால்களும் சீப்புப் பற்களாகக் கிழிந்து தெரிந்தன. முதலாளி சற்று நேரம் உற்றுப் பார்த்தார்.

"கேமரா ரிப்பேர்," என்றார்.

ஒற்றை வரிகளைத் தனியாக, இரட்டை வரிகளைத் தனியாகப் பிரித்தேன்.

"ரெண்டுல எது முந்தினதுன்னு உனக்கெப்படித் தெரியும்? ஜோசியமா?" முதலாளி விடுவதாக இல்லை.

வேண்டுமென்றே வரிசையை மாற்றி ஓட்டினேன். மல்லர்கள் இருவரும் ஒரு அடி முன்னே, அரை அடி பின்னே என்று குளிர்ஜுரம் கண்டவர்களைப் போல உதறினார்கள். சரியான வரிசையில் வைத்ததும் ஓட்டம் வழுக்கிக்கொண்டு போனது. ஜோசியத்துக்கு இனி இடமில்லை.

முதல் படத்தில் இதாகாகியின் குதிகால் வெளி மணலில் பதிந்திருந்தது. கென்சாகுவின் கட்டைவிரல் இன்னும் வைக்கோல் மேலேயே இருந்தது. அடுத்த படத்தில்தான் அதுவும் வெளியே போயிருந்தது.

"பார்த்தீங்களாப்பா? நல்லாப் பாருங்க! நான்தான் ஜெயிச்சிருக்கேன்!" கென்சாகு கத்தியே விட்டார்.

பெரியவர் நாற்காலியை விட்டு முன்னால் குனியக்கூட இல்லை.

"இதுக்குக் கம்ப்யூட்டர் எதுக்குடா? நான் அன்னைக்கே பார்த்தேன்."

கென்சாகு திரையை விட்டு அப்பா பக்கம் திரும்பினார்.

"பார்த்துட்டா... அந்தப் பக்கம் காட்டினீங்க?"

"உன் பக்கம் காட்டியிருந்தா, பெத்த புள்ளைக்கு விசிறி திருப்பினான்னு ஊரே என்னைப் பேசியிருக்கும்."

கென்சாகு மறுபடி திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, சோயா விலை சொல்லும் குரலில் சொன்னார்:

"வாஸ்தவம்தான்பா. ஊரு உங்களை ஒரு வார்த்தை பேசல. என்னைத்தான் பேசிச்சு."