பேர் வெட்டிய தட்டு

என் மனைவி லூர்துசெல்வி விருந்து வைத்தால் யாரும் குறை சொல்ல முடியாது. குளியலறையில் புது சோப்பு, போன் சார்ஜருக்கு நீளமான ஒயர், பாட்டிலில் வெந்நீர் என்று வருகிறவர் வாயைத் திறப்பதற்கு முன்பே எல்லாம் தயாராக இருக்கும். கட்டிக்கொண்ட எனக்குத்தான் தலை துவட்டத் துண்டு கிடைக்காது.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு அவள் தங்கை மெர்லின் வருகிறாள் என்றதும் எங்கள் திண்டிவனம் வீடு இரண்டுபட்டது. நான் வீட்டோடு மாப்பிள்ளை. அது மெர்லின் பிறந்து வளர்ந்த வீடுதான். விழுப்புரத்துப் பிரவீன்குமாரைக் காதலித்துக் கட்டிக்கொண்டு போனவளை, என் மாமனார் கடைசிவரை வாசலில் சேர்க்கவில்லை. அவர் காலமான பிறகு செல்விதான் போனில் பேசிப் பேசி வரவழைத்தாள். தங்கை பழையபடி வந்துபோக வேண்டும், வரும்போது ஒரு ராத்திரி தங்க வேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு ஆசை.

பிரவீன்குமார் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். அதனால் அன்றைக்கு வீட்டில் கறி கிடையாது. பிரியாணி இல்லாத கிறிஸ்துமஸா என்று பிள்ளைகள் முனகியதைச் செல்வி காதில் வாங்கவில்லை. புதுப் பாத்திரத்தில் சமையல், எல்லோருக்கும் வாழை இலை. நசுங்கிய டம்ளர்களையும் பழைய தட்டுகளையும் முதல் நாளே பரணில் ஏற்றிவிட்டாள். முதன்முதலாக வரும் மாப்பிள்ளை கண்ணில் அதெல்லாம் படக்கூடாதாம்.

வந்தார்கள். நானும் சகலையும் ஒருவரையொருவர் சாமி, சாமி என்று கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தோம். மெர்லின் காய் நறுக்கப் போனாள். செல்வி கத்தியை வாங்கிக்கொண்டு அவளை நாற்காலியில் உட்கார வைத்தாள். மெர்லின் தண்ணீர் எடுக்க எழுந்தாள். அதற்குள் புது டம்ளர் கைக்கு வந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவள் சமையலறையில் தட்டு ஸ்டாண்டின் முன்னால் நின்று ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன வேண்டும் என்று கேட்டேன். சும்மாதான் மாமா என்றாள்.

சாப்பிட்டு முடித்ததும் கிளம்புகிறோம் என்றாள். செல்வி கெஞ்சிப் பார்த்தாள், நடக்கவில்லை. ஷேர் ஆட்டோவில் அவர்கள் பையைத் தூக்கி வைத்தேன். நல்ல கனம். மாற்றுத்துணியோடு வந்தவர்கள் ஏன் போகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

சாயங்காலம் பிரவீன்குமார் போன் செய்தார். செல்வி ஸ்பீக்கரில் போட்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. பஸ்ல அழுதுக்கினே வந்தா. அவ பேரு வெட்டுன தட்டு ஒண்ணு இருக்குதாமே. நான் போனாலும் அக்கா அத வேற யாருக்கும் குடுக்க மாட்டாங்கன்னு எப்பவும் சொல்லிக்கினு இருப்பா. இன்னிக்குத் தேடியிருக்கா, காணோம். தூக்கிப் போட்டுட்டாங்கன்னு நெனச்சிக்கினா."

செல்வி ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரணிலிருந்து அந்தத் தட்டை இறக்கினாள். அத்தனை வருஷமும் அது ஸ்டாண்டிலேயே இருந்தது. எங்கள் பிள்ளைகள் தொட்டால்கூட அடி விழும். சரியாக அந்த ஒரு நாள்தான் அது அங்கே இல்லை. போட்டோ எடுத்து அனுப்பேன் என்றேன்.

"இப்ப அனுப்புனா, கேட்டதால எடுத்துக் காட்டுன மாதிரி ஆயிடும்" என்றாள். "அவ தேடுனப்ப இருந்திருக்கணும்."

தட்டைக் கழுவித் துடைத்து, பெயர் தெரியும்படி ஸ்டாண்டில் முன்னால் வைத்தாள். பார்க்க வேண்டியவள் விழுப்புரத்தில் இருந்தாள்.