பாண்டியராஜ் அண்ணனுக்காகப் போட்ட தாளம்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. என்னிடம் கேட்டு வாங்குகிறார்கள். கேட்டவர் பாண்டியராஜ் அண்ணனின் மனைவி அமுதவள்ளி அக்கா. போடியில் என்னைக் கதை எழுதுகிறவன் என்று யாரும் பெரிதாக மதித்ததில்லை. ஏலக்காய் விலை தெரியாதவன் என்றுதான் ஊருக்கு என்னைத் தெரியும். அப்படிப்பட்டவனின் வீடு தேடி வந்து ஒருவர் கதை கேட்டதும் தலைகால் புரியவில்லை. எதற்காகக் கேட்கிறார் என்று தெரிந்தபோது அந்தச் சந்தோஷம் போய்விட்டது.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

மேற்கே மலை முழுக்க மேகம் இறங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, போடிநாயக்கனூரின்...

வேண்டாம். மேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அடுத்து எழுதியது:

பாண்டியராஜுக்குக் காது கேட்கவில்லை.

இது போதும். ஆனால் இந்த ஒரு வாக்கியத்தை அவர் முகத்துக்கு நேரே சொல்ல எங்களில் ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

2

ஓர் இசைமேதையின் கீர்த்தனைகளைக் கேட்பதற்கென்றே எங்கள் ஊரில் ஒரு சபை உண்டு.* பாடத் தெரிந்தவர் ஒருவர்கூட அதில் இல்லை. ஏலக்காய் வியாபாரிகள், ஒரு மருந்துக்கடைக்காரர், நான். ஞாயிறு காலை அப்துல் அஜீஸ் அண்ணனின் கிட்டங்கியில் மூட்டைகளை ஓரமாக நகர்த்திவிட்டு வட்டமாக உட்காருவோம். அஜீஸ் அண்ணன் பழைய கச்சேரிப் பதிவு ஒன்றைப் போடுவார்.

(* அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் இது அவருடைய கதையாகிவிடும். அவரைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பாண்டியராஜ் அண்ணனுக்கு நான் ஒருவன்தான்.)

சபைக்கு ஒரே விதி. பாட்டு ஓடும்போது பேசக் கூடாது, எல்லோரும் தொடையில் தாளம் போட வேண்டும். கை சும்மா இருந்தால் மனசு கிட்டங்கியை விட்டு ஏலக் கம்பெனிக்குப் போய்விடும் என்பது தலைவர் பாண்டியராஜ் அண்ணனின் கட்சி. விதியைக் கொண்டுவந்தவரே அவர்தான். நான் ஆதி தாளத்தில் விரல் எண்ணிக்கையைத் தவறவிட்டால் பாட்டு முடிந்ததும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

3

அவர் வழக்கமாகக் கிட்டங்கியில் மாட்டியிருக்கும் அந்த மேதையின் படத்துக்கு நேரெதிரே கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார். போன வருடம் முதுகு வலிக்கிறது என்று சுவரோரம் நகர்ந்தார். அங்கிருந்து பார்த்தால் எல்லோருடைய கையும் தெரியும். அதன்பின் அவர் கண்ணை மூடவில்லை.

முதலில் கண்டுபிடித்தவர் அஜீஸ் அண்ணன். என்னிடம் அவர் சொல்லவில்லை, நானும் அவரிடம் கேட்கவில்லை. ஆனால் அவருடைய கை பெரிதானது. தொடையைத் தொட்டும் தொடாமலும் தட்டுகிற மனிதர், எழும்பி விழுகிற மாதிரி தட்ட ஆரம்பித்தார். வீச்சுக்குக் கையைத் திருப்புவது வாசல்வரை தெரிந்தது. மருந்துக்கடைக்காரரும் அப்படியே. சில வாரங்களில் நாங்கள் எல்லோரும் பாண்டியராஜ் அண்ணனுக்காகவே தாளம் போட்டுக்கொண்டிருந்தோம். அவர் எங்கள் கைகளைப் பார்த்து, ஒரு அடிகூடப் பிசகாமல் போட்டார்.

[இந்த இடத்தில் எங்களைப் பற்றிப் பெருமையாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன்.]

4

மின்சாரம் போன ஞாயிற்றைப் பற்றி எழுத வேண்டும்.

பாடகர் அனுபல்லவியில் மேலே ஏறிக்கொண்டிருந்தார். சட்டென்று குரல் நின்றது. வேறு நாளாக இருந்தால் எல்லோரும் உச்சுக்கொட்டிக் கையை எடுத்திருப்போம். நான் எடுக்கப் போனேன். அஜீஸ் அண்ணனின் கை நிற்கவில்லை. பாண்டியராஜ் அண்ணன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

யாரும் நிறுத்தவில்லை. மீதிப் பாட்டு முழுவதற்கும் தாளம் போட்டோம். சரணம் எப்போது வரும், எங்கே திரும்பும் என்று எங்களுக்கு மனப்பாடம். தெருவில் லோடு ஆட்டோ போகிற சத்தமும் தொடையில் கை விழுகிற சத்தமும்தான் கேட்டன. கடைசியில் அஜீஸ் அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். பாண்டியராஜ் அண்ணன் மெல்லத் தலையாட்டினார்.

"சரணத்துல என்னா எறக்கம். மனுசன் உருக்கிட்டான்யா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைப் பாட்டுக்கு வந்த அழுகை என்று எடுத்துக்கொண்டு என் தோளில் தட்டினார்.

(எழுதும்போது ஒரு சந்தேகம். மின்விசிறியும்தான் நின்றது. அவர் சட்டை நனைந்திருந்தது. அவருக்குத் தெரிந்திருக்குமோ? நாங்கள் அவருக்காக நடிக்க, அவர் எங்களுக்காக நடித்தாரோ? கதையை எழுதுகிறவனுக்கே தெரியாத இடம் இது.)

5

போன மாதம் அவர் போடிமெட்டுக்கு மேலே இருக்கும் தன் ஏலத்தோட்டத்துக்குப் போனார். பஸ்ஸை விட்டு இறங்கி ரோட்டோரமாக நடந்திருக்கிறார். கொண்டை ஊசி வளைவில் பின்னாலிருந்து வேலையாட்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் வந்தது. ஓட்டியவர் மகாராஜன். அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து அமுதவள்ளி அக்காவிடம் சொல்லியிருக்கிறார்.

"ஹாரன அமுக்குன கைய எடுக்கலக்கா. அண்ணே திரும்பவே இல்ல. மலைப் பக்கமா ஒடிச்சு முட்டி நிப்பாட்டுனேன். இந்தப் பக்கம் ஒடிச்சிருந்தா பொம்பளையாளுகளோட பள்ளத்துலதான்."

அக்கா மதுரையில் ஒரு காது டாக்டரைப் போய்க் கேட்டார். இப்போது வந்தால் கருவி வைத்து மிச்சத்தைக் காப்பாற்றலாம், நாள் போனால் கருவியும் உதவாது என்றார் அவர். பாண்டியராஜ் அண்ணன் அசையவில்லை. அதன்பிறகுதான் அக்கா என்னைத் தேடி வந்தார்.

"ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா, காது கேக்காதவன் இப்பிடித் தாளம் போடுவானான்னு கேக்குறாரு. நான் என்ன பதில் சொல்ல? உங்க கைதான் தம்பி எனக்கு எதிரி."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நாங்கள் செய்தது அன்பு என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன்.

நேரில் சொல்ல அஜீஸ் அண்ணன் ஒருநாள் போனார். டீ குடித்தார், ஏலக்காய் விலையைச் சைகையும் சத்தமுமாகப் பேசினார், திரும்பி வந்துவிட்டார். அக்காதான் வழி சொன்னார். சபையின் ஆண்டு மலருக்கு வருவதையெல்லாம் பாண்டியராஜ் அண்ணன் எழுத்துவிடாமல் படித்துத் திருத்துவார். அதில் ஒரு கதையாக எழுதிக் கொடுங்கள், படிக்கட்டும் என்றார்.

6

முடிவுகள்.

அ) அவர் கருவி வைத்துக்கொள்கிறார். முதல் கீர்த்தனை தெளிவாகக் கேட்கிறது. எல்லோரும் கண்ணீர் விடுகிறோம். (கருவி வைத்தாலும் பாட்டு பழையபடி கேட்காது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பொய் எழுத மாட்டேன்.)

ஆ) அடுத்த முறை ஜீப்பை ஒடிக்க இடமில்லாமல்... (இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.)

இ) கோபித்துக்கொண்டு சபையை விட்டே போகிறார். (இதற்குத்தான் அதிகம் பயப்படுகிறேன்.)

7

அண்ணே, இதுவரை யாரோ ஒரு வாசகருக்குச் சொல்வதுபோல் நடித்தேன். பெயரை மாற்றியிருக்கிறேன். ஆனாலும் இரண்டாம் பகுதியிலேயே நீங்கள் உங்களைக் கண்டுபிடித்திருப்பீர்கள்.

இதை அடித்துவிட உங்களுக்கு உரிமை உண்டு. அடித்துவிட்டால் இதைப் படித்தவர் நீங்கள் ஒருவர்தான். அதுவே எனக்குப் போதும். ஒரு வேலை மட்டும் எங்கள் பக்கத்தில் பாக்கி இருக்கிறது. நேற்று எல்லோரும் கூடிப் பேசி முடிவு செய்துவிட்டோம். அஜீஸ் அண்ணன்தான் கடைசியாகச் சம்மதித்தார், மிகவும் அழுதார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் வாருங்கள். சுவரோரம் உங்கள் இடம் இருக்கும். அஜீஸ் அண்ணன் பாட்டைப் போடுவார். நாங்கள் யாரும் தாளம் போட மாட்டோம். கையை மடியில் வைத்துக்கொண்டு உங்களைப் பார்த்தபடி இருப்போம். அப்போது நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை, அண்ணே.