அம்மா பொம்மையின் கைகள்

1

இந்தக் கதையை என் அண்ணி சொன்னார். முழுதாகச் சொல்லவில்லை. மீதியை நானே எழுதிவிடலாம், அதென்ன பெரிய வித்தை என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அவர் ஏன் சொல்லவில்லை என்று.

அண்ணிக்குக் கேக் அலங்கரிக்கும் தொழில். வீட்டின் பின்னறைதான் கடை. கேக்கின் மேல் உட்காரும் குட்டிக் குட்டி மனிதர்களைச் சர்க்கரை மாவில் செய்வார். (நேரில் "வாங்க, போங்க"தான். அவ்வளவு மரியாதையோடு ஒருவர் மனசுக்குள் நுழைய முடியவில்லை. இனி கதைக்குள் "அவள்". படித்தால் திட்டுவாள்.)

2

முதல் வரி: "சர்க்கரைக்கு மரணம் தெரியாது." சே. என்ன அர்த்தம் என்று எனக்கே புரியவில்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "அன்று காலை அவள் கண் விழித்தபோது" வேண்டாம். எல்லாக் கதையிலும் யாராவது கண் விழிக்கிறார்கள். இந்தக் கதையில் ஒருவன் விழிக்கவில்லை, அதனால்தான்... [அவசரப்படுகிறேன்.]

மூன்றாவது, நடந்தது நடந்தபடி. பிறந்தநாளுக்கு வெகுநாள் முன்பே ஒரு தாய் வந்தாள். ஒரு கையில் மகள், இடுப்பில் கைக்குழந்தை. மகளுக்கு ஆறு வயது ஆகப்போகிறது, பூங்கா கேக் வேண்டும். பெஞ்சில் அப்பாவும் அம்மாவும், ஊஞ்சலில் அவள்.

"தம்பி எங்க உக்காருவான்?" என்று அண்ணி கேட்டாள்.

"அவனுக்கு உக்காரவே தெரியாது ஆன்ட்டி. அம்மா மடியில படுத்திருக்கணும்."

"முடி வைக்கட்டுமா?"

"அவனுக்கு எங்க இருக்கு முடி?"

எல்லோரும் சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமல் கைக்குழந்தையும் சிரித்தது.

பொம்மைகளை முன்கூட்டியே செய்து வைப்பது அண்ணியின் வழக்கம். மாவு ஈரமாக இருக்கும்வரை சொன்னபடி வளையும். நாலைந்து நாள் காய்ந்தால் கல். காயாமல் கேக்கில் உட்கார வைத்தால் கழுத்து தொங்கிப்போகும். எனவே அப்போதே குழந்தையை உருட்டினாள். அம்மாவின் மடியில் கிடத்தினாள். அம்மாவின் இரண்டு கைகளையும் அவனை அணைத்தாற்போல் வளைத்து, அப்படியே காய வைத்தாள்.

3

கேக் கொடுக்க வேண்டியதற்கு முந்தின நாள் காலை தகப்பன் ஃபோன் செய்தான்.

"மேடம், அந்தச் சின்னவன் பொம்மைய மட்டும் எடுத்துடுங்க."

"ஏன் சார்?"

"தூங்கினவன் எந்திரிக்கல மேடம். போன மாசம். பெரியவளுக்காகத்தான் பொறந்தநாள் வெச்சுக்கறோம். அந்தப் பொம்மையப் பாத்தா அவ அம்மா தாங்க மாட்டா. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

"சரி" என்றாள்.

[இந்தத் தகப்பனை முதல் வரைவில் கல்நெஞ்சக்காரனாக எழுதியிருந்தேன். கதைக்கு அது வசதி. ஃபோனை வைக்கும் முன் அவன், "ஒடையாம எடுங்க மேடம்" என்றானாம். அதற்குப் பிறகு அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.]

மதியம் தாய் கூப்பிட்டாள்.

"அக்கா, எங்க வீட்டுக்காரர் ஏதாவது சொன்னாரா?"

"இல்லையே."

"சொன்னாலும் கேக்காதீங்க. அவன் தொட்டிலை எங்க வெச்சாங்கன்னே தெரியல. அவன் பேச்ச எடுத்தா எல்லாரும் பேச்ச மாத்தறாங்க. கேக்லயாவது அவன் என் மடியில இருக்கட்டும் அக்கா. அவர்கிட்ட சொல்லாதீங்க."

"சரிம்மா" என்றாள் அண்ணி. இரண்டு பேருக்கும் சரி சொல்லியாகிவிட்டது. கேக் ஒன்றுதான்.

4

முதலில் தகப்பன் சொன்னபடி செய்து பார்த்தாள். தூரிகையால் ஓரங்களை நனைத்து, கத்தி முனையால் மெல்ல நெம்பினாள். குழந்தை முழுசாக வந்துவிட்டான். அம்மாவின் கைகள் வளைந்தது வளைந்தபடி நின்றன. நிமிர்த்தப் பார்த்தாள், ஒரு சுண்டுவிரல் ஒடிந்தது. அதோடு நிறுத்திவிட்டாள். வேறு அம்மா செய்து காய வைக்க நாள் இல்லை.

அந்தக் கைகளில் ஒரு பூங்கொத்தை வைத்தாள். பூங்கொத்துக்குத் தாலாட்டுப் பாடுகிறவள் மாதிரி இருந்தது. பந்து வைத்தாள். பந்தும் தூங்கியது. நாய்க்குட்டியை வைத்தாள், வைத்த வேகத்தில் எடுத்தாள்.

இந்த இடத்தை எழுதும்போது எனக்கு அழுகை வந்தது. கதையில் அதையெல்லாம் சொல்லக் கூடாது என்பார்கள். சொல்லிவிட்டேன்.

5

சில முடிவுகள்.

குழந்தையைத் திரும்ப மடியில் வைத்துக் கொண்டுபோகிறாள். தாய்க்கு ஆறுதல். பிறகு கேக்கை வெட்டுகிறார்கள். வந்திருக்கும் பிள்ளைகள் பொம்மை எனக்கு, உனக்கு என்று அடித்துக்கொள்கிறார்கள், அதில் ஒரு பையன் சின்னவனை எடுத்து வாயில்... இல்லை. இதை எழுத மாட்டேன்.

வைக்காமல் கொண்டுபோகிறாள். பூங்கா பெஞ்சில் ஒரு தாய், ஒன்றுமில்லாததை அணைத்துக்கொண்டு. தகப்பன் கேட்டது இதைத்தான். கேட்டபோது இப்படி இருக்கும் என்று பாவம் அவனுக்குத் தெரியாது.

வழியில் கேக்கைத் தவறவிட்டுவிடுகிறாள். [இது என் கோழைத்தனம். அண்ணி ஒருநாளும் கேக்கைக் கீழே போட்டதில்லை.]

6

அண்ணி சொன்னது இவ்வளவுதான்.

வெறுங்கை அம்மாவோடு கேக்கைப் பெட்டியில் வைத்தாள். குழந்தையைப் பஞ்சில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அங்கே போய் முகங்களைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம், சொட்டு ஈரம் தொட்டால் ஒட்டிக்கொள்வான் என்று கிளம்பினாள்.

கதவைத் திறந்தது சின்னப்பெண். புது கவுன். பின்னாலேயே தகப்பன் வந்தான். எடுத்தாச்சா என்பதுபோல் அண்ணியைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். உள்ளறையில் நாற்காலியில் தாய். அவள் கண் பெட்டியின் மேலேயே இருந்தது.

"ஆன்ட்டி, தம்பி உள்ள இருக்கானா?"

எந்தப் பதில் வேண்டும் என்று கேட்கிறாள், அந்த முகத்தைப் பார்த்தால் தெரியவே இல்லையாம். அதோடு அண்ணி கதையை நிறுத்திவிட்டாள்.

"இருக்கான்" என்று எழுதினேன். தகப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டான். அடித்தேன். "இல்லம்மா" என்று எழுதினேன். உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அதையும் அடித்தேன்.

"[                    ]"

அந்த இடம் உங்களுக்கு. எனக்குத் தெரிந்த தமிழ் முழுக்கத் தேடிப் பார்த்துவிட்டேன். ஆனால் கொஞ்சம் சீக்கிரம். சின்னப்பெண் பெட்டியின் மூடியில் கை வைத்துவிட்டாள்.