மூணாவதை அழுத்து

நெட்டை அந்தத் தேர்வில் ஒருமுறை தோற்றிருந்தாள். தோற்க வேண்டியவளா அவள்? ஒரு சின்ன மருத்துவமனையில் வருஷக்கணக்காக நர்ஸாக நின்று கால் தேய்ந்தவள். அவள் ஊசி போட்டால் குழந்தைகள்கூட அழ மறந்துபோகும். நெட்டை என்பது உயரத்தால் வந்த பட்டப்பெயர், அதுவே ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்த மருத்துவமனையை ஒருநாள் இழுத்து மூடிவிட்டார்கள். வீட்டில் சம்பாதிக்க அவள் ஒருத்தி, கூட வயசான அம்மா. இந்தப் பெரிய மருத்துவமனையில் வேலை கிடைக்காவிட்டால் இரண்டு பேரும் நடுத்தெருவில்தான்.

இங்கே வேலைக்கு எடுப்பதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் ஒரு தேர்வு வைப்பார்கள். மருந்தின் அளவு, ரத்தம் ஏற்றுவது, கை கழுவுவது என்று கேள்வி மேல் கேள்வி; கீழே வரிசையாக இருக்கும் விடைகளில் ஒன்றை அழுத்த வேண்டும். அதில் ஒன்றுக்கு மட்டும் உயிர்க் கேள்வி என்று பெயர். மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் அது தப்பானால் ஆள் வெளியே. நோயாளியின் உயிரோடு விளையாடுகிறவர்களை வடிகட்டத்தான் அந்த ஏற்பாடாம். நல்ல ஏற்பாடுதான், யார் இல்லை என்றார்கள்!

தோற்ற அன்று வாசல் டீக்கடையில் அவளைப் பிடித்தாள் ஆப்ஷன் அக்கா. தேர்வுக்கு ஆட்களைத் தயார் செய்வதுதான் அவள் பிழைப்பு. எழுதிவிட்டு வருகிறவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, வாயைக் கிளறி, கேள்வி எல்லாவற்றையும் மண்டைக்குள் ஏற்றி வைத்திருப்பாள்.

"உயிர்க் கேள்விக்கு, அதான் அந்தப் பொட்டாசியம் கேள்விக்கு, என்ன போட்ட?"

"சலைன் பாட்டில்ல கலந்து மெதுவா ஏத்தணும்னு போட்டேன்க்கா. அதானே சரி?"

"சரிதான். அதனாலதான் ஃபெயிலு."

நெட்டை விழித்தாள்.

"அந்தக் கேள்விக்கு விடையை எல்லாம் வரிசை மாத்தி அடுக்குனாங்க. எது சரிங்கிறதை மாத்த மறந்துட்டாங்க. மெஷினுக்கு இன்னும் மூணாவதுதான் சரி. மூணாவதுல இப்ப என்ன இருக்கு? அப்படியே சிரிஞ்சுல எடுத்து நரம்புல போடணும்னு இருக்கு."

பொட்டாசியத்தைக் கலக்காமல் நேரே நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். நர்சிங் படிக்கிறவர்களுக்குக் காதைத் திருகிச் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது.

"யாராவது போய்ச் சொல்லக் கூடாதாக்கா?"

"ஃபெயிலானவ சொன்னா வயித்தெரிச்சல்ல பேசுறாம்பாங்க. பாஸானவ சொன்னா, தப்புன்னு தெரிஞ்சே ஏன் அழுத்துனம்பாங்க. எவ சொல்லுவா? கண்ணை மூடிக்கிட்டு மூணாவதை அழுத்து. முன்னாடி இருக்கறது பேஷண்ட் இல்ல, வெறும் பொட்டி."

அடுத்த தடவை நெட்டை அழுத்தினாள். விரல் கொஞ்சம் தயங்கியது, அம்மாவின் முகம் வந்தது, அழுத்திவிட்டாள். திரையில் பச்சை எழுத்தில் தேர்ச்சி என்று வந்தபோது அவளுக்குச் சந்தோஷமே வரவில்லை. வேலையில் சேர்ந்ததும் முதல் வேலையாக தலைமை நர்ஸான மேட்ரனிடம் சொல்லிவிடுவது என்று நினைத்துக்கொண்டாள். சேர்ந்த பிறகு, நிரந்தரம் ஆகட்டும், அப்புறம் சொல்லலாம் என்று தோன்றியது. நம் எல்லோருக்கும் தோன்றுகிறதுதானே, நல்ல காரியத்துக்கு மட்டும் நாளைக்கு நாளைக்கு என்று!

அவளோடு சேர்ந்தவர்கள் எல்லோரும் அதே மூணாவதை அழுத்தி வந்தவர்கள். தப்பு என்று தெரிந்தேதான் எல்லோரும் அழுத்தியிருப்பார்கள் என்று நெட்டை நம்பியிருந்தாள். ஒருநாள் கேண்டீனில் ரெட்டைச் சடை வாயைத் திறந்தாள். படிப்பை முடித்த கையோடு வந்த பெண், வெள்ளை மனசு, சடை இரண்டையும் தொப்பிக்குள் அடக்கத் தெரியாது.

"அக்கா, அந்தப் பொட்டாசியத்தை காலேஜ்ல வேற மாதிரி சொன்ன ஞாபகம். ஆப்ஷன் அக்கா மூணாவதை அழுத்துன்னு மட்டும்தான் சொன்னாங்க, நானும் குழம்பிட்டேன். அப்புறம், உயிர்க் கேள்வியாச்சே, அதைப் போய்த் தப்பா வைப்பாங்களான்னு விட்டுட்டேன். இங்க இப்படித்தான் போல."

நெட்டை கையிலிருந்த கவளத்தைத் தட்டில் போட்டாள். "அது வந்து..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் மேட்ரன் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தார். நெட்டை தண்ணீரை எடுத்துக் குடித்தாள். சொல்ல வந்ததும் தண்ணீரோடு உள்ளே போய்விட்டது. மறுநாள் ரெட்டைச் சடையைக் கீழ்த்தளத்து வார்டுக்கு மாற்றினார்கள். பார்க்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள் நெட்டை.

அப்புறம் ஊரில் குடிதண்ணீர் கெட்டது. வீட்டுக்கு வீடு வாந்தி, பேதி. நெட்டையின் அம்மாவும் படுத்துவிட்டாள். ஊழியர் குடும்பத்துக்கு உடனே படுக்கை கிடைக்கும் என்று நெட்டையே அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து கீழ்த்தளத்தில் சேர்த்தாள்; அந்த நேரம் ரெட்டைச் சடை டூட்டியில் இல்லை. பக்கத்துப் படுக்கையில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர். வாய் ஓயாத மனுஷர். "உங்க பொண்ணு ஏறுனா பஸ் கூரையில ஓட்டை போடணுமே" என்று கிண்டலடித்து, கண் சொருகிக் கிடந்த அம்மாவையே சிரிக்க வைத்தவர்.

மறுநாள் காலையில் நெட்டை மாடி வார்டில் கட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது அம்மா போன் செய்தாள்.

"டாக்டர் பாத்துட்டுப் போனாரும்மா. உடம்புல பொட்டாசியம் கம்மியாம், எனக்கும் டிரைவருக்கும். அந்த ரெட்டைச் சடைப் பொண்ணுதான் ஊசி போடுது. தங்கமான பொண்ணு. நீ சாப்பிட்டியா?"

கட்டைப் பாதியில் விட்டுவிட்டு நெட்டை படிக்கட்டில் ஓடினாள். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள்.

வார்டில் ரெட்டைச் சடை அம்மாவின் கையை மெதுவாகப் பிடித்திருந்தாள். இன்னொரு கையில் நிறைந்த சிரிஞ்சு. நரம்புக் குழாயில் அதைப் பொருத்தப் போனவளின் மணிக்கட்டை நெட்டை எட்டிப் பிடித்தாள்.

"பாட்டில்ல கலக்கலையா நீ?"

"இல்லக்கா. பரீட்சையில வந்ததுதானே. மூணாவது."

"அது தப்பு. மெஷின்லயே தப்பா இருக்கு. இதை இப்படிப் போட்டா ஆளே போயிடும்."

ரெட்டைச் சடை நெட்டையைப் பார்க்கவில்லை. பக்கத்துப் படுக்கையைப் பார்த்தாள். அங்கே திரை இழுத்துவிடப்பட்டிருந்தது.

"சத்தம் போடாதீங்கடி" என்றாள் அம்மா. "ஊசி போட்டதும் எரியுது எரியுதுன்னாரு. இப்பத்தான் தூங்குறாரு மனுஷன்."

நெட்டை திரையை விலக்கினாள். கழுத்தில் விரல் வைத்தாள். ஒன்றும் இல்லை. டாக்டரைக் கூப்பிடு என்று கத்திக்கொண்டே அவருடைய நெஞ்சில் இரண்டு கையையும் ஊன்றி அழுத்தத் தொடங்கினாள்.

ரெட்டைச் சடை நகரவில்லை. சிரிஞ்சு இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

"அக்கா," என்றாள், "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

நெட்டை அழுத்திக்கொண்டே இருந்தாள்.